எஸ்தர் மிஸ்ஸின் சிவப்பு விளக்கு

வகுப்பில் ஆசிரியர் இலக்கணப் பிழை விட்டால், அந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் எல்லாம் சமையலறைச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதன் கீழேயே புகார் பொத்தானும் இருக்கும்.

தமிழ் எடுக்கும் எஸ்தர் மிஸ்ஸுக்கு அது அடிக்கடி எரிந்தது. மற்ற பெற்றோர் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மேகலாவுக்கு மட்டும் வயிறு எரிந்தது. மகள் வருணி வீட்டில் வாயைத் திறந்தாலே மிஸ் புராணம்தான்.

"இன்னிக்கும் மிஸ் தப்பா சொன்னாங்கம்மா. நான்தான் திருத்தினேன். எல்லாரையும் எனக்குக் கைதட்டச் சொன்னாங்க!"

"தப்பு பண்றதுக்குச் சம்பளமா?"

"போம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது."

அன்றிலிருந்து விளக்கு எரிந்தபோதெல்லாம் மேகலா பொத்தானை அழுத்தினாள். மாதக் கடைசியில் எஸ்தர் மிஸ்ஸை அனுப்பிவிட்டு, பாடம் நடத்த இயந்திரத்தை வைத்தார்கள். விளக்கு எரிவதே நின்றுபோனது.

"புது மிஸ் எப்படிடி?"

"தப்பே பண்ண மாட்டேங்குது."

"நல்லதுதானே?"

"ம்."

ஒரு வாரமாக இந்த "ம்" மட்டும்தான். பொறுக்க முடியாமல் இன்று தோசை ஊற்றிக்கொண்டே மேகலா வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள்.

"அப்பா நாளைக்கு ஊருக்குப் போனாரு."

வருணி சட்டென்று நிமிர்ந்தாள். உதடு அசைந்தது. கைதட்டுவதற்காக மேகலா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

வருணி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"சரிம்மா."