கொஞ்சம் சத்தம் குறைவாக

"சார், காதைத் தீட்டி வெச்சுக்கோங்க. நீங்க சரின்னு சொல்றதைத்தான் மாட்டப் போறோம்" என்றாள் பல் டாக்டர்.

கீழ் வீட்டுக்காரர் தலையாட்டினார். பட்டறைச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் போலவே உட்கார்ந்திருந்தார்.

எதிரே முன்மூடி திறந்து நின்றது டாக்டரின் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, தரையோடு பதுங்கிய உடம்பு. கிளினிக் வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வீட்டில் எல்லோரும் 'இதென்ன பைத்தியம்' என்று தலையில் அடித்துக்கொண்ட பிறகும் வாங்கியது. வாங்கிய கையோடு, இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயையும் ஃபில்டரையும் மாற்றினாள். குளிர்ந்த காற்று கூடுதலாகப் போனால் வண்டி சீறும். கூடவே, காலையில் கிளப்பும்போது ஓர் உறுமல் இலவசம்.

அந்த உறுமல்தான் வம்பில் கொண்டுவந்து விட்டது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் அவளைப் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டார். "உங்க வண்டி கீழ் வீட்டு ஜன்னலுக்கு நேரா நிக்குது டாக்டர். அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி, சொல்ல மாட்டார். நாங்கதானே சொல்லணும்? சத்தத்தைக் குறைங்க, இல்லைன்னா வெளியில கொண்டுபோய் நிறுத்துங்க."

வெளியில் என்றால் லாரிகள் உரசிக்கொண்டு போகும் தெரு. டாக்டர் நேரே கீழ் வீட்டுக் கதவைத் தட்டினாள். "நீங்களே கூட வந்து கேட்டுச் சொல்லுங்க சார். உங்களுக்குச் சரின்னா சங்கம் வாயைத் திறக்காது." அவர் உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "வர்றேம்மா" என்றார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "இப்ப உங்க வண்டியில இருக்கறது மூடியே இல்லாத ஃபில்டர். மூச்சு இழுக்கறது அப்படியே வெளியில கேக்கும். இது நீளக் குழாய். பம்பருக்குக் கீழ போய்க் காத்தை எடுக்கும். சத்தம் பாதியாயிடும். ஆனா தேங்கின தண்ணியில இறக்கினீங்க, காத்துக்குப் பதிலா தண்ணியைக் குடிச்சிடும்."

"நான் ஏன் தண்ணியில இறங்கறேன்? மாட்டுங்க."

மாட்டினான். இன்ஜினை முடுக்கினான். கீழ் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு மெல்ல உதட்டைப் பிதுக்கினார்.

"இது சரியா வராதுங்க."

"பரவாயில்லை, அடுத்தது பார்க்கலாம்" என்றாள் டாக்டர்.

அடுத்தது, நாலு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே ஃபோம் ஒட்டியிருந்தது. "ஃபில்டரை இதுக்குள்ள பூட்டிடுவோம். வேகமும் குறையாது, பக்கத்து வீட்டுக்காரன் சாபமும் கிடைக்காது" என்றான் மெக்கானிக். இன்ஜின், தொண்டை கட்டிய ஆள் மாதிரி முனகியது.

கீழ் வீட்டுக்காரர் அவசரமாகக் கையை ஆட்டினார். "ஐயையோ, இது வேண்டவே வேண்டாம்மா."

மெக்கானிக் டாக்டரின் காதருகே குனிந்தான். "சாருக்குப் பாம்புச் செவி போல."

டாக்டருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். "சரி, ஆசைப்பட்டது போனாலும் போகட்டும். கம்பெனியில வந்த பழைய பெட்டி இருக்குல்ல, அதையே மாட்டிடுங்க."

மெக்கானிக் பழைய பெட்டியைத் தேடி எடுத்து மாட்டினான். இந்த முறை சாவியைத் திருப்பியதே தெரியவில்லை. வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது.

"இப்ப சந்தோஷமா சார்?"

கீழ் வீட்டுக்காரர் எழுந்து காரின் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது. "இதுவும் இல்லைங்க."

டாக்டரின் பொறுமை அறுந்தது. "இதுக்கு மேல குறையணும்னா நான் வண்டியைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்! சின்னப் பசங்க பல்லைக்கூட இதைவிடச் சுலபமாப் பிடுங்கிடுவேன். என்னதான் சார் வேணும் உங்களுக்கு?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. முதல்ல இருந்ததை இன்னொரு தடவை மாட்டச் சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை."

எதற்கு என்று கேட்கவும் அவளுக்குத் தெம்பில்லை. மெக்கானிக்கைப் பார்த்துக் கையை அசைத்தாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே மூடியில்லாத ஃபில்டரை மறுபடி பொருத்தி முடுக்கினான். தகரக் கூரை அதிர உறுமியது வண்டி. மேசையில் இருந்த ஸ்பேனர் நகர்ந்து கீழே விழுந்தது.

கீழ் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. "இதுதான்! இதேதான்மா. இதையே வெச்சுக்கோங்க. சங்கத்துல நான் பேசிக்கறேன்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினாள். "சார், சத்தம் உங்களுக்குத் தொந்தரவுன்னுதானே இவ்வளவு பாடு?"

"நான் யார்கிட்டயும் அப்படிச் சொல்லலையேம்மா. உங்களுக்கும் சங்கத்தோட சண்டை வரக் கூடாது, எனக்கும் அந்தச் சத்தம் போயிடக் கூடாது. நடுவுல ஏதாவது அமையுமான்னுதான் கூட வந்தேன்." அவர் குரல் தழைந்தது. "என் மனைவி போன வருஷம் படுத்த படுக்கையானா. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், தொட்டு எழுப்பினாலும் ஒரு அசைவு கிடையாது. காலையில உங்க வண்டி கிளம்பும்போது மட்டும்தான் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் திரும்பறா. நான் அதுக்குள்ள ஓடிப்போய் அங்கே நின்னுக்குவேன்."