மலைக்குகையில் ஒரு வாரம்

கிழங்கு விருந்து இலவசம் என்றதால்தான் முள்ளம்பன்றித் தம்பதியர் நரியின் மலைக்குகைக்குப் போனார்கள்.

"வருஷத்துக்கு ஒரு வாரம் இந்தக் குகை உங்களுக்கே! உங்களுக்குப் பிறகு உங்க பிள்ளைகளுக்கு. மாசம் ஒரு கூடை கிழங்கு கொடுத்தா போதும்" என்றது நரி.

"நாங்க வராத வருஷம்?" என்று கேட்டாள் மனைவி.

"அப்பவும் கொடுக்கணும். குகையைப் பெருக்க வேண்டாமா?"

கணவனோ அருவிச் சத்தத்தில் சொக்கிப்போயிருந்தான். ஒப்பந்த இலையில் பதிக்க, முன்காலைச் செம்மண் குழம்பில் தோய்த்தும்விட்டான்.

"நாளைக்குச் சொல்றோம்" என்றாள் மனைவி.

"இந்தச் சலுகை இன்னைக்கு மட்டும்தாம்மா."

"அப்படின்னா ஒரு நிமிஷம் இருங்க." கணவனை இழுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். போன வருஷம் இதே விருந்தைச் சாப்பிட்ட பெருச்சாளி ஒன்று வாசலில் காத்திருந்தது.

"அக்கா, நரிகிட்ட வாங்காதீங்க. என்னோட வாரத்தை எடுத்துக்கோங்க."

"என்ன விலை?"

"விலையா? சும்மாவே தர்றேன். கூட ரெண்டு கூடை கிழங்கும் தர்றேன்."

அவள் உடனே கணவனின் காலைப் பிடித்து, செம்மண் மொத்தமும் போகும்வரை புல்லில் தேய்த்தாள்.