ஒரு வாய் கீரை

"வாயைத் தொறடா கண்ணு. ஒரே ஒரு வாய். ஆ..."

ஷைனி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"முருங்கைக்கீரைடா. மை மாதிரி கடைஞ்சிருக்கேன். துன்னா முடி நீட்டமா வளரும்."

"நரி கதை சொல்லு. அப்பால துன்றேன்."

மெர்சி கதையை ஆரம்பித்தாள். நரி கிணற்றில் விழுந்தது, ஏறியது, மறுபடியும் விழுந்தது. மடியில் உட்கார்ந்துகொண்டு ஷைனி "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டாளே தவிர, வாயைத் திறக்கிற வழியைக் காணோம். சோறு ஆறி அவலாகப் போனது.

மெர்சியும்தான் என்ன செய்வாள்? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில், விடிந்ததிலிருந்து நின்றபடியே வேலை. பொன்னேரியில் அவள் இறங்குகிற ரயிலில்தான் புருஷன் எபினேசர் நைட் டூட்டிக்கு அத்திப்பட்டுக்கு ஏறுவான்.

"சாப்ட்டியா?"

"ஆங், சாப்ட்டேன். நீ?"

அதற்குள் ரயில் கிளம்பிவிடும். அவர்கள் குடும்பம் நடத்துகிற லட்சணம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து, மூச்சு விடாமல் சமைத்து, பிள்ளைக்கு ஊட்டி முடித்துக் கையைக் கழுவினால் போதும், மெர்சிக்கு அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வந்துவிடும். காலையில் அவள் கிளம்பும்போது ஷைனி போர்வைக்குள் சுருண்டு கிடப்பாள்.

அவளுடைய ஆசை என்ன பெரிய ஆசை? தான் ஆக்கியதை, தன் கையிலிருந்து, பிள்ளை தானாக வாயைத் திறந்து ஒரு வாய் ஆசையாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு வாய்க்கு ஏங்கியே போனாள்.

பீட்ரூட்டை தோசையில் ஒளித்துப் பார்த்தாள். கேரட்டைத் துருவி சப்பாத்திக்குள் வைத்துப் பார்த்தாள். அந்தக் குட்டிப் பிசாசு எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஓரமாக ஒதுக்கியது. இத்தனைக்கும் ஸ்கூலில் எடை போட்டபோது எடை சரியாகத்தான் இருந்தது. மிஷின் ரிப்பேராக இருக்கும் என்று மெர்சி நினைத்துக்கொண்டாள்.

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்!

ஒருநாள் குழாயடியில் எதிர்வீட்டு விக்டோரியா பத்தவைத்தாள்.

"இன்னா மெர்சி, பொண்ணு துன்ன மாட்டேங்குதுன்னு சொல்லிக்கினே கீற? கங்கம்மா ஊட்ல கீரையும் கேழ்வரகு அடையும் தட்டை வழிச்சி துன்னுது. என் கண்ணால பார்த்தேன்."

மெர்சி பாதிக் குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள்.

கங்கம்மா பக்கத்து வீட்டுக்காரி. எபினேசர் பகலில் தூங்குகிறவன். அதனால் ஸ்கூல் விட்டு வருகிற ஷைனி, அம்மா வரும்வரை கங்கம்மா வீட்டில்தான் இருப்பாள். சும்மா பார்த்துக்கொள்ளத்தானே விட்டது? சோறு போடச் சொல்லி யார் கேட்டது?

மறுநாள் கம்பெனியில் கரன்ட் இல்லை. சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். மெர்சி நேராகக் கங்கம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

உள்ளே ஷைனி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் கீரையும் சோறும். ஊட்டிவிட ஆளில்லை, கதை சொல்ல ஆளில்லை. தானே பிசைந்து, தானே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீரை வையி பெரிம்மா. வயிறு ரொம்பல."

மெர்சிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அது வந்த வேகத்தில் ஆத்திரமும் வந்தது.

"நல்லா கீதுக்கா நீ பண்றது! இங்க வயித்தை ரொப்பி அனுப்பிட்டா, நைட்டு என் கையால எப்டி துன்னும்? நான் நாய் மாதிரி ஓடியாந்து ஆக்குறேன், அது மூஞ்சைத் திருப்பிக்குது. என் பொண்ணை உன் பக்கம் இழுத்துக்கலாம்னு பார்க்கிறியா?"

கங்கம்மா கரண்டியும் கையுமாக நின்றாள்.

"மெர்சி, நான் சொல்றதை..."

"ஒண்ணும் சொல்லாத! நாளையிலருந்து இந்த ஊட்டு வாசப்படியை மிதிச்சா, காலை ஒடிச்சிடுவேன். எழுந்து வாடி!"

ஷைனி எழுந்து ஓடிப்போய்க் கங்கம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மெர்சிக்கு அது இன்னும் வலித்தது.

"பார்த்தியா? என்னைக் கண்டா பயந்து ஓடுது. பெத்தவ நானா, நீயாக்கா?"

கங்கம்மா பெருமூச்சு விட்டாள்.

"திட்டி முடிச்சிட்டியா? நானா கூப்ட்டு துன்ன வெக்கல மெர்சி. அதுதான் தினமும் வந்து, வயிறு ரொம்ப போடு பெரிம்மான்னு கேக்குது. மொதல்ல நானும் மாட்டேன்னுதான் சொன்னேன். காரணத்தைக் கேட்டப்புறம் என்னால முடியல. உங்கையில சொல்லக் கூடாதுன்னு என் தலை மேல சத்தியம் வாங்கிக்குச்சு. நீயே கேளு."

மெர்சி மகளை முன்னால் இழுத்தாள்.

"ஏண்டி? கீரைன்னா கசக்குது, வேணாம்னு எங்கிட்ட அழுவ. இங்க மட்டும் எப்டி உள்ள எறங்குது? அம்மா சமையல் நல்லா இல்லியா? சொல்லித் தொலையேன்!"

ஷைனி கீரை ஒட்டிய கையை கவுனில் துடைத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. தேம்பிக்கொண்டே சொன்னாள்:

"பசியோட இருந்தா நீ ஊட்றதை சட்டுனு துன்னுடுவேன்மா. துன்னு முடிச்சா நீ என்னை மடியிலருந்து எறக்கி வுட்டுட்டு தூங்கிடுவியே!"