பிரபஞ்சப் பயம்

"எங்க அப்பாகிட்ட கேம் பத்தி மட்டும் வாயே திறக்காத. அப்புறம் நம்ம கல்யாணம் அம்பேல்" என்று காதலி சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேச்சை ஆரம்பித்ததே அதில்தான்.

"தம்பிக்கு வேலை நேரம் போக மிச்சமெல்லாம் வீடியோ கேம்தானாமே? விசாரிச்சேன்."

அவனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா சார். திகில் கேமா தேடித் தேடி ஆடுவேன்."

"பேய் வருமா?"

"பேயெல்லாம் இல்ல சார். இந்தப் பிரபஞ்சம் எவ்வளவு பெருசு, அதுக்கு முன்னாடி நாம வெறும் தூசின்னு புரியறப்ப அடிவயித்துல ஒரு பயம் வருமே, அது."

அந்தப் பயம் அவனுக்கு இப்போது கேம் இல்லாமலே வந்துகொண்டிருந்தது.

"அப்படி ஒரு கேம் உண்மையிலேயே இருக்கா?"

"நாப்பது ஆடிப் பார்த்தேன் சார். முக்கால்வாசி கேம்ல ஒரு பெரிய ஆக்டோபஸ் வந்து கத்தும், அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணுதான் தேறுச்சு. ஆளில்லாத கலங்கரை விளக்கம். கடல் மெதுவா வானத்துக்கு மேல ஏறும்..."

"அதை முழுசா முடிச்சியா?" குரலில் பிரம்பு தெரிந்தது.

"முடிச்சுட்டேன் சார்."

செருப்பை எங்கே விட்டோம் என்று அவன் கண்கள் வாசல் பக்கம் தேடின.

அவர் எழுந்து சமையலறையை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து கேம் கன்ட்ரோலரை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"வீட்ல யாருக்கும் தெரியாது. அந்தக் கலங்கரை விளக்கத்துல மூணாவது மாடிக் கதவு எட்டு மாசமா திறக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் திறந்து விடுங்க மாப்ளே!"