பொதுமக்கள் கவனத்திற்கு

நிலைப்படிக்கு உள்பக்கமாகவே உட்கார்ந்து, துடைப்பத்தை நீட்டி அந்தக் கிளையை இழுத்தாள்.

காற்றில் முறிந்து வாசலில் விழுந்த முருங்கைக் கிளை. நாலு இழுப்பில் கைக்கு வந்துவிட்டது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கீரை உருவ ஆரம்பித்தாள்.

கால் படியைத் தாண்டவில்லை. காலையிலிருந்தே தாண்டவில்லை.

எதிரே பஞ்சாயத்து டிராக்டரில் தெருவே ஏறிக்கொண்டிருந்தது. பாய், குடம், கோழிக்கூடை, யாருடைய வீட்டுச் சாமிப்படமோ ஒன்று.

பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு மட்டும் இறங்கி ஓடி வந்தாள்.

“தவமணியக்கா, இதென்ன வீம்பு. புருசன் பொண்டாட்டின்னா ஆயிரம் வார்த்த வரும், போவும். வந்து ஏறுங்க.”

“சொன்னவரு வந்து சொல்லட்டும்.”

டிராக்டர் போய்விட்டது.

சொன்னது இதுதான்.

காலை ஆறு மணிக்கு அவள், மன்னார்குடியில் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். போன புயலில் இந்த வீட்டு ஓடெல்லாம் பறந்து, இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் விடிய விடியக் கிடந்தார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அவள் புருஷன் வைரக்கண்ணுவுக்கோ மச்சான் பேச்சை எடுத்தாலே ஆகாது. புயல் ஆந்திராவுக்குப் போய்விடும் என்றான். எல்லாப் புயலும் அவனுக்கு ஆந்திராவுக்குத்தான் போகும்.

அவள் பையை எடுத்தாள்.

“படியத் தாண்டுனா, திரும்பி வராத.”

பை அங்கேயே நின்றுவிட்டது. அவளும்.

எட்டு மணிக்குப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு அவன் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஊரில் மைக்செட் ஆட்டோ வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். கல்யாணம், சாவு, காணாமல் போன ஆடு, எல்லாமே அவன் குரலில்தான் ஊருக்குத் தெரியவரும். ஆறு மணிக்கு ஒருத்தியைப் போகாதே என்றவன், எட்டரைக்கு ஊரையே போகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

“பொதுமக்கள் கவனத்திற்கு. புயல் இன்றிரவு கரையைக் கடக்க இருப்பதால், கடலோரத்தில் வசிக்கும் பொதுமக்கள் அனைவரும் உடனடியாக வீடுகளைக் காலி செய்து, மேல்நிலைப் பள்ளி முகாமிற்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

வீட்டைக் கடக்கும்போது அவன் திரும்பவில்லை. கண் தாளிலேயே இருந்தது.

பதினோரு மணிக்கு மறுபடி வந்தான். அதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். ஆனாலும் தாளைத்தான் பார்த்தான்.

மத்தியானச் சோற்றுக்கு வரவில்லை.

கீரையை உருவி முடித்தாள். யார் சாப்பிடுவதற்கு என்று தெரியவில்லை.

கடல் சத்தம் தினமும் கேட்பதுதான். இன்று அடுத்த தெருவிலிருந்து கேட்டது.

கொல்லைப்பக்கம் ஓடு ஒன்று சரிந்து உடைந்தது.

பயமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றும் தூரமில்லை, நடந்தால் அரை மணி. போகலாம். போய்விட்டு, எந்த முகத்தோடு திரும்பி வருவது? இங்கேயே கிடந்து செத்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துப் பார்த்தாள். அதையும் அவன்தான் மைக்கில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு ஆட்டோ சத்தம்.

தெருவில் ஓர் ஆள் இல்லை. எல்லாக் கதவிலும் பூட்டு. நாய்களைக்கூடக் காணோம்.

வழக்கமாக முனையில் நிறுத்துகிறவன், இந்த முறை வீட்டுக்கு நேரே வந்து நிறுத்தினான். இறங்கவில்லை. நனைந்து பாதி கிழிந்த தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“பொதுமக்கள் கவனத்திற்கு.”

பொதுமக்கள் என்று அங்கே இருந்தது அவள் ஒருத்திதான்.

முழுவதும் வாசித்தான். ஒரு சொல் விடவில்லை. கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று முடித்தான்.

மைக்கை அணைக்கவில்லை.

காற்று மைக்கில் அடித்தது. அவன் மூச்சுவிடுவதும் கேட்டது.

“புயல் கடந்த பின்...” நிறுத்தினான். தொண்டையைக் கனைத்தான். “புயல் கரையைக் கடந்த பின், பொதுமக்கள் அவரவர் வீட்டிற்குத் திரும்பி வரலாம்.”

பக்கத்துத் தெருக்களில் வாசித்ததையும் சேர்த்துக் காலையிலிருந்து எட்டுத் தடவை கேட்டிருக்கிறாள். தாளில் அந்த வரி கிடையாது.

முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சரியா காதுல விழல.”

அவன் குனிந்து எதையோ திருகினான். ஆட்டோவின் தலையில் இருந்த கூம்பு ஒரு கணம் கீச்சிட்டது. இந்தத் தடவை கையில் தாள் இல்லை. அவளைத்தான் பார்த்தான்.

“பொதுமக்கள் அவரவர் வீட்டிற்குக் கட்டாயம் திரும்பி வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

காலித் தெரு முழுக்க அது போய்விட்டு வந்தது.

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்தாள். பூட்டைத் தேடினாள். விளக்கு மாடத்தில் இருந்தது.

வீடு நாளைக்கு நிற்குமோ நிற்காதோ.

படியைத் தாண்டி வந்து, கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.