இடது பக்கக் குளியலறை

மார்த்தினிக் தீவின் படகுத்துறையில் கரையேற்றி நிறுத்தியிருந்த பழைய இரட்டையுடல் பாய்மரப் படகை, பரிசோதகர் ஃபிர்மின் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார்.

“மொதப் படகு வாங்குறவன் பெயிண்ட்டப் பாப்பான். நான் சத்தத்தக் கேப்பேன்.”

படகை வாங்க வந்திருந்த யானிக் சிரிக்கவில்லை. அவனும் மனைவி சோலேனும் சேர்ந்து பார்த்துவைத்த படகு அது. அவளைப் புதைத்து ஐந்து மாதமாகிறது.

இடது பக்கக் குளியலறைக்கு நேராகத் தட்டியபோது உள்ளிருந்து பதில் வந்தது. இரண்டு தட்டு, பிறகு ஒன்று.

“உள்ள யாரு அண்ணே?”

“யாரும் இல்லப்பா. ரெண்டு வருஷமா பூட்டிக் கெடக்கு. தொட்டியில சொட்டுத் தண்ணி கெடையாது.”

மறுபடியும் இரண்டு, பிறகு ஒன்று. சுத்தியல் ஃபிர்மினின் கைநழுவி விழுந்தது.

“இது வேணாம் தம்பி.”

துண்டை மறந்து குளிக்கப் போனால் சோலேன் அப்படித்தான் கதவைத் தட்டுவாள்.

யானிக் குனிந்து பார்த்தான். படகின் வடிகால் துளையிலிருந்து சோப்பு நுரை மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.