செல்லுபடியாகும் காரணம்

மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவு வழியே நுழைந்த பிற்பகல் வெயில் மேசைமேல் கிடக்கிறது. அந்த வெயிலில், பிரிக்காத மருந்துப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு நிற்கிறாள் அந்தப் பெண். “இன்னைக்குக் காலைல வீட்டுக்கு வந்துச்சு தம்பி. அவருதான் போயிட்டாரே. காரியத்துக்கு நீங்களும் வந்திருந்தீங்களே.” கடைக்காரர் எழுந்து நிற்கிறார். “நான் அனுப்பலக்கா. மருந்து தீர்ற நாள் வந்தா எங்க கம்ப்யூட்டர், மருந்துக் கம்பெனியோட கம்ப்யூட்டரைக் கேட்கும். அது உடனே அனுப்பிடும். ஏபிஐன்னு சொல்வாங்க. நடுவுல ஆள் கிடையாது.” அந்த ஏற்பாடு வந்த பிறகுதான் பக்கத்து அறையையும் சேர்த்துக் கடை இவ்வளவு பெரிதாயிற்று; அதைச் சொல்லும்போதெல்லாம் நிமிர்கிற தலை இன்று குனிந்தே இருக்கிறது. நிறுத்தச் சொன்னால் திரை காரணம் கேட்கிறது. கம்பெனி வகுத்து வைத்த காரணங்கள் மூன்றுதான்: கடையை மாற்றிவிட்டார், மருந்தை மாற்றிவிட்டார், குணமடைந்துவிட்டார். கடைக்காரர் உள்ளதை உள்ளபடி தட்டிப் பார்க்கிறார். ‘செல்லாது’ என்று சிவப்பில் வருகிறது. இன்னொரு முறை தட்டுகிறார். மறுபடியும் அதே சிவப்பு. மின்விசிறிக் காற்றில் பொட்டலத்தின் மேல்தாள் படபடக்கிறது. அதிலிருக்கும் பெயர்மேல் அவள் உள்ளங்கையை வைத்து அமர்த்துகிறாள். பிறகு எட்டித் திரையைப் பார்க்கிறாள். மூன்று வரிகளையும் உதடசையப் படிக்கிறாள்.

“குணமாயிட்டாருன்னே போடுங்க தம்பி,” என்கிறாள். “ஒரு இடத்துலயாவது அப்படி இருக்கட்டும்.”

கடைக்காரர் அழுத்துகிறார். கண் இமைப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பச்சை எழுத்தில் பதில் வந்துவிடுகிறது: ‘ஏற்கப்பட்டது.’